துடைக்கத் துடைக்கத் தேயும் பளபளப்பு

வாங்கி இரண்டு ஆண்டு ஆன ஒரு கறுப்புக் காரின் பானெட்டை மாலை வெயிலில் பாருங்கள். சூரியனின் பிம்பம் விழும் இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். உண்மையில் அவை வட்டங்கள் அல்ல. எல்லாத் திசைகளிலும் கிடக்கும் மெல்லிய கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் நம் கண்ணுக்கு மின்னுகின்றன. அதனால் வட்டமாகத் தோன்றுகின்றன. யாரும் இடித்ததால் வந்தவை அல்ல, மரக்கிளை உரசியதாலும் அல்ல. வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில் நாள் தவறாமல் துடைத்தோமே, அந்தத் துணி போட்டவை.

கார் பெயின்ட்டைக் காப்பது பற்றிய பேச்சு இன்று எந்தக் கோட்டிங் போடலாம் என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. புது வண்டியின் பில்லிலேயே ஒரு கோட்டிங்கைச் சேர்த்துவிடுகிறார்கள். பல ஆயிரம் கொடுத்து அதைப் போட்டுக்கொண்டவர், மறுநாள் காலையே பழைய பனியன் துணியால் வண்டி துடைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பெயின்ட்டின் ஆயுளைத் தீர்மானிப்பவை முதலில் தண்ணீர், துணி, கை ஆகிய மூன்றும்தான். கோட்டிங் அதற்கு அப்புறம் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்ல, நாம் எதைத் துடைக்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்றைய கார் ஆலையில் வெறும் இரும்பு உடல் முதலில் பாஸ்பேட் கரைசலில் குளிக்கிறது. அடுத்து மின்சாரம் பாயும் தொட்டியில் முழுதாக மூழ்கி எழுகிறது. துருவைத் தடுக்கும் முதல் பூச்சு மூலை முடுக்கெல்லாம் படிவது அங்கேதான். அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்தால் ஏறத்தாழ 100 முதல் 140 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் கொஞ்சமும். ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன் அவ்வளவுதான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதற்கான ரசாயனங்கள் கலந்திருப்பது அந்த அடுக்கில். நாம் பளபளப்பு என்று பார்ப்பதும் அதைத்தான். தேய்ந்தால் தானாக வளராது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. கார் வந்த புதிதில், குதிரை வண்டிக்குப் பூசிய வார்னிஷையே பூசினார்கள்; பூசி, காய்ந்து, மறுபடி பூசி முடிக்கப் பல வாரம் பிடிக்கும். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1923-இல் கொண்டுவந்த ‘டூகோ’ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்தான் அந்த வாரங்களை மணிக்கணக்காகச் சுருக்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள் நிறமும் பளபளப்பும் ஒரே பெயின்ட்டில் இருந்தன. நம் ஊர் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் அந்த வகை. வெயிலில் அவை வெளுத்துச் சுண்ணாம்பு பூத்தது போலாகும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் மேலே செத்துப்போன அடுக்கு உரிந்து, அடியிலிருந்து புது நிறம் வரும். துணியில் காரின் நிறம் ஒட்டும். தேய்த்தால் பளபளக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறியது அந்தக் காலத்தில்தான், அன்றைக்கு அது சரியும்கூட. 1980-களில் கிளியர் கோட் உலகெங்கும் பரவத் தொடங்கியபின் கணக்கு மாறிவிட்டது. பெயின்ட் மாறியும் தேய்க்கும் கை மாறவில்லை.

கீறல் எப்படி விழுகிறது? தெருப்புழுதியில் பெரும்பகுதி மணல் துகள், குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண இரும்பையே கீறக்கூடியது; கிளியர் கோட் வெறும் பிளாஸ்டிக் படலம். காய்ந்த துணியாலோ டஸ்டராலோ துடைக்கும்போது அந்தத் துகளைப் பெயின்ட்டின் மேல் வைத்து அழுத்தி இழுக்கிறோம். ஈரத் துணியும் பெரிதாக உதவாது. வாளியில் நனைத்துப் பிழிந்த துணியால் பானெட், கதவு, கதவின் அடிப்பகுதி என்று வரிசையாகத் துடைத்து, அதே வாளியில் அலசி, அடுத்த வண்டிக்குப் போனால், முதல் வண்டியின் மணல் இரண்டாவது வண்டிக்குப் போகிறது. வெள்ளைக் காரில் இது கண்ணுக்குத் தெரியாது. நம் நாட்டில் வெள்ளை அதிகம் விற்பதால் பலருக்கு இப்படி ஒரு சேதம் நடப்பதே தெரிவதில்லை. கறுப்பும் அடர் நீலமும் வாங்கியவர்களுக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

முறையாகக் கழுவுவதில் கடினம் ஒன்றுமில்லை, வரிசைதான் முக்கியம். நிழலில், பானெட் தொட்டால் குளிர்ந்திருக்கும் நேரத்தில் தொடங்க வேண்டும். முதலில் கை வைக்காமல் தண்ணீர் மட்டும். கூரையிலிருந்து கீழ்நோக்கி ஊற்றியோ பீய்ச்சியோ புழுதியை ஊறவிட்டு இறக்க வேண்டும். பிரஷர் வாஷர் இருந்தால் ஒரு அடிக்குக் குறையாத தூரத்தில் பிடியுங்கள். மறுபெயின்ட் செய்த பாகத்தின் விளிம்பிலும் பெயின்ட் பெயர்ந்த இடத்திலும் நேராக அடித்தால் பெயின்ட்டே உரிந்து வரும். பிறகுதான் ஷாம்பூ. இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறை போன்ற மைக்ரோஃபைபர் மிட்டை ஷாம்பூவில் நனைத்து ஒரு பாகத்தைத் துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசி மண்ணை இறக்கிவிட்டு, திரும்ப ஷாம்பூவுக்குப் போக வேண்டும். மேலிருந்து கீழ், வட்டமாகத் தேய்க்காமல் நேராக. கதவின் அடிப்பாகமும் பின் பம்பரும்தான் அதிக மண் பிடித்தவை, அவை கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி; பிரேக் தூளில் இரும்புத் துகள் இருக்கும், அது மிட்டில் ஏறினால் பானெட்டுக்கு வரும்.

துணிப்பவுடரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வேண்டாம் என்று சொல்வது வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. துணிப்பவுடர் காரத்தன்மை மிக்கது. எண்ணெய்ப்பசையை எடுப்பதே அதன் வேலை. வண்டி மேல் இருக்கும் வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும், கறுப்பு ரப்பர் பட்டைகளை வெளுக்க வைக்கும். கார் ஷாம்பூ காரமும் அமிலமும் இல்லாத நடுநிலையில் இருக்கும், வழுவழுப்பும் தரும். மணல் துகள் கீறாமல் வழுக்கிப் போக அந்த வழுவழுப்புதான் காரணம்.

இனித் தண்ணீர். சென்னையின் பெரும்பாலான அடுக்ககங்களில் கார் கழுவுவது போர் தண்ணீரில். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பல இடங்களின் போர் தண்ணீருக்கு அந்த 600-உம் பற்றாது. குளியலறைக் குழாயில் பூத்த வெள்ளைப் படிவமே சாட்சி. அந்தத் தண்ணீர் வெயிலில் சூடான பானெட்டின் மேல் சொட்டாக நின்று காய்ந்தால், தண்ணீர் போய்க் கால்சியம் உப்பு வளையமாக நிற்கும். ஓரிரு நாளில் கவனித்தால், வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஈரத்துணியால் ஒற்றி, உடனே கழுவினால் போய்விடும். மாதக்கணக்கில் விட்டால் கிளியர் கோட்டை அரித்துத் தடமாகவே தங்கிவிடும். ஆகவே கழுவி முடித்ததும் காயவிடாமல் உடனே துடைத்தெடுப்பது நம் ஊரில் கட்டாயம். இதற்குத் தடித்த மைக்ரோஃபைபர் டவல் ஏற்றது. தேய்க்காமல் விரித்துப் போட்டு இழுத்தால் போதும்.

ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பிடித்துவைத்துக் கார் கழுவுகிறார்கள். நல்ல எண்ணம், ஆனால் வீட்டில் கிடைக்கும் தண்ணீரிலேயே உப்பு மிகுந்தது அதுதான். வடிகட்டிய நீரில் நீக்கப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு ஏற்ற தண்ணீர் ஏசியின் வடிகால் குழாயில் சொட்டுகிறது. காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கிய நீர் என்பதால் அதில் கால்சியம் அநேகமாக இல்லை. சென்னையின் புழுக்கத்தில் இரவெல்லாம் ஏசி ஓடினால் அரை வாளியாவது சேரும். துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு அதை ஊற்றினால் வெள்ளைத் தடம் நிற்பதே இல்லை. மழைநீரும் அப்படியே.

கழுவினாலும் போகாத அழுக்குகள் தனி ரகம். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. அது மட்டுமல்லாமல், வெயிலில் கிளியர் கோட் சற்று இளகியிருக்கும்போது எச்சம் காய்ந்து சுருங்கினால், பிறகு குளிரும் பெயின்ட் அதன் உருவத்தை வாங்கிக்கொள்கிறது. சென்னை வெயிலில் காலையில் விழுந்த எச்சத்தை மாலை வரை விடக் கூடாது. சுரண்டவும் கூடாது: நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து அப்படியே எடுக்க வேண்டும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் பிசுபிசுவென்று ஒட்டுவது, இலைச்சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் வெளியேற்றும் சர்க்கரைத் திரவம். அன்றைக்கே தண்ணீரில் கரைந்துவிடும், அதன் மேல் புழுதி படிந்து இறுகினால்தான் தொல்லை. அரியலூர்ப் பக்கம் இருப்பவர்களின் கவலை வேறு. சிமென்ட் தூசி படிந்த வண்டியில் விடியற்காலைப் பனி இறங்கினால் அது இறுகத் தொடங்குகிறது. துடைத்தால் அரம் போட்டது போல. அங்கே நிறையத் தண்ணீர், மிச்சத்துக்கு வினிகர் கரைசல், வேறு வழியில்லை. கடற்கரை ஓரம் வசிப்பவர்கள் அஞ்ச வேண்டியது உப்புக்காற்றை. முழுப் பெயின்ட்டை அது ஒன்றும் செய்யாது, கல் தெறித்துப் பெயர்ந்த புள்ளியில் புகுந்துகொள்ளும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகள் மண்ணடைத்துக் கிடந்தால், உள்ளே தேங்கும் உப்பு ஈரம் கதவை உள்ளிருந்தே தின்னும். ஒரு பல்குத்தும் குச்சி போதும் அவற்றைத் திறக்க.

ஆயுத பூஜையையும் சொல்ல வேண்டும். பானெட்டில் வைத்த சந்தனம், குங்குமத்தை அழிக்க மனம் வராமல் வாரக்கணக்கில் விடுகிறோம். கடைக் குங்குமத்தில் உள்ள சாயம் வெள்ளைப் பெயின்ட்டில் இளஞ்சிவப்பாக ஊறி நின்றுவிடும். மஞ்சள் கறை அவ்வளவு பயமில்லை, அதன் நிறம் வெயில் பட்டால் தானே வெளுக்கும். பொட்டைக் கண்ணாடியில் வைத்தால் பூஜைக்கும் குறைவில்லை, பெயின்ட்டுக்கும் குறைவில்லை.

கழுவிய வண்டியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டித் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் பெயின்ட்டில் தார், இரும்புத் துகள், ஸ்ப்ரே தூசி பதிந்திருக்கிறது. தாருக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி போதும், ஆனால் அந்த இடத்தில் மட்டும். பின்னாலேயே ஷாம்பூ போட வேண்டும். முழு வண்டியையும் டீசலில் துடைத்துப் பளபளப்பு காட்டும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பளபளப்பு எண்ணெய்ப்படலம், ஊருக்கு வெளியே போவதற்குள் புழுதியெல்லாம் அதில் ஒட்டியிருக்கும். இரும்புத் துகளுக்குத் தனித் திரவம் கிடைக்கிறது, துகளைக் கரைக்கும்போது ஊதா நிறமாக மாறும். மிச்சத்துக்கு ‘கிளே பார்’ எனும் களிமண் போன்ற கட்டி. சோப்புத் தண்ணீர் தெளித்து அழுத்தாமல் நகர்த்தினால், பெயின்ட் கண்ணாடி போல வழுக்கும். கீழே விழுந்த கட்டியைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

ரப்பிங், பாலிஷ் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாலிஷ் என்பது கீறலை நிரப்புவது அல்ல. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி மட்டமாக்குவது. திறமையான கை, சரியான மெஷின், மென்மையான பாலிஷ் என்றால் ஒன்றிரண்டு மைக்ரான் போகும். கடினமான காம்பவுண்ட்டும் கம்பளி பேடும் வேகமாகச் சுழலும் மெஷினும் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு. வாழ்நாள் முழுவதிலும் கிளியர் கோட்டில் ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது தொழில் தெரிந்தவர்கள் வைத்திருக்கும் எல்லை. அதைத் தாண்டினால் வெயிலைத் தாங்கும் சக்தி குறைந்து, சில வருடத்தில் கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட் செதில் செதிலாக உரியும். அதற்கு மருந்து மறுபெயின்ட் ஒன்றே. அந்தப் பெயின்ட்டும் ஆலைப் பெயின்ட் ஆகாது: ஆலையில் வெறும் உடலை 140 டிகிரி வாக்கில் சுடலாம், வயரும் பிளாஸ்டிக்கும் உள்ள முழு வண்டியைப் பட்டறையில் 60 டிகிரி அளவில்தான் சூடேற்ற முடியும். ஆகவே ஒவ்வொரு சர்வீஸிலும் ‘ரப்பிங் பாலிஷ்’ என்று பில்லில் ஒரு வரி வந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். பாலிஷ் செய்யக் கொடுக்கும் கடையில் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். நகத்தால் தடவினால் தடுக்கும் கீறல் பாலிஷில் போகாது. அதற்கு டச்-அப் பெயின்ட்.

இவ்வளவுக்கும் பிறகு காப்புப் பூச்சு. பழையது கார்னாபா வாக்ஸ், வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து உதிர்த்து எடுப்பது. ஆழமான மினுமினுப்பு தரும். உருகுநிலை 80 டிகிரிக்குச் சற்று மேல். மே மாதத்துக் கறுப்புக் கூரை அதை நெருங்கிவிடுவதால் நம் ஊரில் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. செயற்கை பாலிமர் சீலன்ட் அதைவிடச் சில மாதம் கூட நிற்கும், விலையும் அதிகமில்லை. என் பார்வையில் பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே போதும்.

‘டெஃப்ளான் கோட்டிங்’ என்று இருபது வருடத்துக்கும் மேலாக விற்கிறார்கள். தோசைக்கல்லில் டெஃப்ளான் ஒட்டியிருப்பது, அது உருகும் 327 டிகிரிக்கும் மேலே சுட்டு இறுக்கியதால். கார் பெயின்ட்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் பெயின்ட் மிஞ்சாது. டப்பாவில் டெஃப்ளான் தூள் இருக்கலாம்; வேலை செய்வது அதோடு சேர்ந்த சாதாரண பாலிமர்தான். அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

செராமிக் கோட்டிங் உண்மையிலேயே வேறு வகை. சிலிக்கா சார்ந்த திரவம் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து கெட்டியாகிக் கிளியர் கோட்டோடு பிணைகிறது. பறவை எச்சத்தின் அமிலத்தையும் காரமான ஷாம்பூவையும் நன்றாகத் தாங்கும், அழுக்கு எளிதில் கழன்றுவிடும், ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். ‘9ஹெச் கடினம்’ என்று விளம்பரப்படுத்துவது பென்சில் சோதனையின் அளவு: 9ஹெச் பென்சில் கீறவில்லை என்று பொருள். மோஸ் அளவுகோலில் 9 என்று பொருள் அல்ல. மணல் அதையும் கீறும். நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. செராமிக் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். விளம்பரப் படத்தில் அழகுதான். போர் தண்ணீரில் கழுவி அப்படியே விட்டால் ஒவ்வொரு முத்தும் ஒரு சுண்ணாம்பு வளையமாகிறது. கோட்டிங் போட்டவர் மற்றவரைவிட அதிகக் கவனமாகத் துடைக்க வேண்டும். போட்ட அன்று கண்ணைப் பறிக்கும் பளபளப்பில் பெரும்பங்கு, கோட்டிங்குக்கு முன் செய்த பாலிஷுடையது.

கல்லடியைத் தாங்குவது பி.பி.எஃப். என்னும் படலம் மட்டுமே. வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் சுழலிறக்கைகளைக் காக்கப் பிறந்த யோசனை. 150 முதல் 200 மைக்ரான் பாலியூரித்தேன், அதாவது மொத்தப் பெயின்ட்டையும்விடத் தடித்தது. சிறு கீறல்கள் வெயில் சூட்டில் தாமாக மூடிக்கொள்ளும். முழு வண்டிக்கு நல்ல படலம் ஒட்டினால் செலவு லட்சத்தைத் தாண்டும். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுபவர் முன் பம்பர், பானெட்டின் முன்பகுதி, கதவுக் கைப்பிடிக் குழி ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். பி.வி.சி. படலத்தைப் பி.பி.எஃப். என்று மலிவாக ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது மஞ்சளாகி இறுகும், உரித்தெடுக்கப் படாதபாடு.

கார் கவர் பற்றி ஒரு வரி: புழுதி படிந்த வண்டியின் மேல் போட்ட கவர், காற்றில் அசையும் உப்புத்தாள்.

மிச்சம் இருப்பது தண்ணீரின் அளவும் உழைப்பும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டதைப் பார்த்தவர்கள் நாம். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நூறு லிட்டருக்கு மேல் போகும். இதற்கு நல்ல மாற்று ‘ரின்ஸ்லெஸ்’ திரவம். ஏழெட்டு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி கலந்தால் போதும். அதிலுள்ள பாலிமர் மணல் துகளைச் சூழ்ந்து வழுக்க வைக்கும், அலச வேண்டியதில்லை. சேறு அப்பிய வண்டிக்கு இது ஆகாது, நகரத்துப் புழுதிக்குத் தாராளமாகப் போதும்.

அடுக்ககங்களில் விடியற்காலையில் வந்து வண்டி துடைப்பவர்களைக் குறை சொல்வது எளிது. ஒருவர் இரண்டு மணி நேரத்தில் இருபது வண்டி பார்த்தால், வண்டிக்கு ஆறு நிமிடம். ஆறு நிமிடத்தில் புழுதியை ஊறவைத்து இறக்க யாராலும் முடியாது. வண்டிக்கு மாதம் சில நூறு ரூபாய் என்ற கணக்கில் இருபது வண்டி இல்லாமல் அவர் குடும்பம் ஓடாது. தினமும் துடைத்தே ஆக வேண்டும் என்று கேட்பது நாம். எனவே மாற்ற வேண்டியதும் நம் பக்கம்தான். “அண்ணே, தினமும் துடைக்க வேணாம். வாரம் ரெண்டு நாள் தண்ணி ஊத்திக் கழுவுங்க, மத்த நாள் முன்னாடி பின்னாடி கண்ணாடி மட்டும் போதும். சம்பளம் அதேதான்” என்று சொல்லிப் பாருங்கள். சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். நம் வண்டிக்கென்று ஒரு மிட், இரண்டு டவல், ஒரு பாட்டில் ஷாம்பூ வாங்கி டிக்கியில் வைக்காமல் அவர் கையிலேயே கொடுக்கலாம். துணிகளை வீட்டில் துவைத்துக் கொடுப்பது நம் பொறுப்பு: மற்றத் துணிகளோடு சேர்க்காமல், கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கி ஊற்றாமல், நிழலில் காயவைத்து. மென்மையாக்கி மைக்ரோஃபைபரின் இழை இடுக்குகளை அடைத்துவிட்டால், அது தண்ணீரையும் இழுக்காது, மணலையும் பிடிக்காது.